பழைய ஹாக்கன் ரைஃபிளுக்கு லாக் பார்ட்ஸ் தேடின கதை: கடைகளும் எல் அண்ட் ஆர் லாக்கும், என் ரிவ்யூ

என்கிட்ட இருக்கறது தாம்சன் சென்டர்ங்கற அமெரிக்கக் கம்பெனியோட ஹாக்கன், .50 காலிபர், கேப் லாக் (ஹேமர் ஒரு சின்ன கேப்பை அடிச்சு மருந்தைப் பத்த வைக்கற வகை), செகண்ட் ஹேண்டா வாங்கினது. பேரல் உள்ள துரு கிடையாது, ஹூக்டு பிரீச் (பேரலோட பின்முனை கொக்கி மாதிரி மாட்டற இடம்) டைட்டா உக்காருது, ஸ்டாக்ல பெரிசா அடி எதுவும் இல்ல. ஆனா லாக், அதாவது ஹேமரை இழுத்துப் பிடிச்சு விடற பொறி, அது மட்டும் தேஞ்சு போயிருந்துச்சு. ஹாஃப் காக்ல, அதாவது ஹேமரைப் பாதி இழுத்து வச்சா நிக்கற மாதிரி நிக்கும், கட்டைவிரலால ஹேமரை முன்னாடி தள்ளிப் பார்த்தா வழுக்கிக்கிட்டு இறங்கிடும். இந்த மாதிரி பழைய பாணி மசில்லோடர்ல (குழல் வாய் வழியா மருந்தும் குண்டும் போடற துப்பாக்கி) ஹாஃப் காக்தான் சேஃப்டி, வேற பட்டன் கிட்டன் எதுவும் கிடையாது, நிப்பிள்ல (கேப் உக்கார்ற சின்னக் குழாய்) கேப் போடறதே அந்த நிலையில வச்சுத்தான். அதனால இது "பரவால்ல, அப்புறம் பார்த்துக்கலாம்"னு விடற விஷயமே இல்ல, லாக் சரியாகற வரைக்கும் அந்த ரைஃபிள்ல வெடிமருந்து போடக்கூடாதுன்னு ஓரமா எடுத்து வச்சுட்டேன்.

பார்ட்ஸ் தேட ஆரம்பிச்சப்பதான் தெரிஞ்சுச்சு இது ஏன் இவ்வளவு கஷ்டம்னு. தாம்சன் சென்டர் இந்த ஹாக்கனை 1970ல கொண்டு வந்தாங்க, நியூ ஹாம்ப்ஷயர்ல ராசெஸ்டர்ங்கற ஊர்ல ஃபேக்டரி. அமெரிக்காவுல மசில்லோடர் ஹாபி பெருசா வளர்ந்ததுல இந்த ரைஃபிளுக்குப் பெரிய பங்கு உண்டு, பழைய ஹாக்கன் சகோதரர்கள் செயின்ட் லூயிஸ்ல பண்ணினதோட அச்சு அசல் இல்லன்னாலும் அடிச்சா நேரா போகும், விலையும் கைக்கு எட்டறதா இருந்துச்சு. 2007ல ஸ்மித் அண்ட் வெசன் கம்பெனியை வாங்கிட்டாங்க, 2011ல ராசெஸ்டரை மூடி வேலையை மாசசூசெட்ஸ் ஸ்பிரிங்ஃபீல்டுக்குக் கொண்டு போனாங்க, 2021ல இந்த பிராண்டையே வித்துடப் போறோம்னு சொன்னாங்க, 2024ல பழைய ஓனர் திரும்ப வாங்கினாரு. இத்தனை கை மாறினதுல பழைய சைட் லாக் (பக்கவாட்டுல லாக் இருக்கற) துப்பாக்கிகளோட உதிரி பாகங்கள் யார்கிட்ட மிச்சம் இருக்கோ அவங்ககிட்டதான் இருக்கு. ஸ்பிரிங், ஸ்க்ரூ மாதிரி சின்னச் சின்ன சாமான் இன்னும் கிடைக்குது. டம்ப்ளரும் (ஹேமரோட சேர்ந்து உள்ள சுத்தற, வெட்டு வச்ச துண்டு) சியரும் (அந்த வெட்டுல மூக்கை விட்டு ஹேமரைப் பிடிச்சு வைக்கற துண்டு) தான் கஷ்டம், அதுலயும் ரெண்டும் ஜோடியா, தேயாம கிடைக்கறது ரொம்பவே கஷ்டம்.

கடைகளைப் பத்தி சொல்றதுக்கு முன்னாடி ஒரு விஷயம், ஏன்னா பாதிப் பேரு தேவையே இல்லாம பார்ட் வாங்கறாங்க. ஹாஃப் காக் பிடிக்கலன்னா, துப்பாக்கியில மருந்து இல்லன்னு ராம்ராட் விட்டு உறுதி பண்ணிட்டு, லாக்கை ஸ்டாக்ல இருந்து வெளிய எடுங்க. கையில வச்சுக்கிட்டே ஹேமரைப் பின்னாடி இழுத்துப் பாருங்க, விட்டு அடிக்காதீங்க, கட்டைவிரலால பிடிச்சே இறக்குங்க. வெளிய நல்லா பிடிச்சு உள்ள மாட்டினா மட்டும் வழுக்குதுன்னா லாக் மேல தப்பு இல்ல. மரம் எங்கயோ சியர் கையில உரசுது, இல்ல லாக் போல்ட்டை ரொம்ப இறுக்கி பிளேட் வளையுது, இல்ல டிரிகர் பிளேடு சியரை எப்பவும் லேசா மேல தள்ளிக்கிட்டே இருக்கு. செட் டிரிகர் (ஒரு டிரிகரை முதல்ல இழுத்து செட் பண்ணினா இன்னொண்ணை லேசா தொட்டாலே சுடற அமைப்பு) இருக்கற துப்பாக்கியில இந்த மூணாவது காரணம் அதிகம், டிரிகருக்கும் சியருக்கும் நடுவுல இத்தூண்டு இடைவெளி இருந்தாத்தான் சியர் மூக்கு டம்ப்ளர் வெட்டுக்குள்ள முழுசா இறங்கும். மரம் உரசுதான்னு பார்க்க சியர் கையில கொஞ்சம் விளக்குக் கரி தடவி மாட்டி எடுத்தா கரி ஒட்டின இடம்தான் உரசற இடம், அங்க மட்டும் மெல்ல சுரண்டினா போதும். என் லாக் வெளியவும் வழுக்குச்சு, லென்ஸ் வச்சுப் பார்த்தா டம்ப்ளர்ல ஹாஃப் காக் வெட்டோட உதடு உடைஞ்சிருந்துச்சு.

அது ஏன் உடைஞ்சதுன்னா ஃபிளைன்னு ஒரு துண்டு உள்ள இல்ல. டபுள் செட் டிரிகர் இருக்கற லாக்ல டம்ப்ளரோட பக்கவாட்டுல ஒரு சின்னக் குழியில இந்த ஃபிளை உக்காந்திருக்கும், அரிசியை விடக் கொஞ்சம் பெருசு, அவ்வளவுதான். செட் டிரிகர் சியரை ஒரு தட்டு தட்டிட்டு விட்டுடும், நம்ம விரல் மாதிரி அழுத்திப் பிடிச்சுக்கிட்டு இருக்காது, அதனால ஹேமர் விழற வழியில சியர் மூக்கு மறுபடி கீழ இறங்கி ஹாஃப் காக் வெட்டுல போய் மாட்டப் பார்க்கும், ஃபிளைதான் அதை வெட்டுக்கு மேலயே தாண்ட வச்சு அனுப்பும். அது இல்லன்னா ஒவ்வொரு ஷாட்டுக்கும் சியர் மூக்கு அந்த உதட்டுல மோதும், கொஞ்ச நாள்ல ரெண்டுல ஒண்ணு உடையும். எனக்கு முன்னாடி யாரோ லாக்கைப் பிரிச்சு கிளீன் பண்ணும்போது அது தெறிச்சுப் போயிருக்கணும். பழைய ஹாக்கன் வாங்கறவங்க காசு குடுக்கறதுக்கு முன்னாடி லாக்கைக் கழட்டி ஃபிளை இருக்கான்னு பார்க்கணும்னு நான் எல்லாருக்கும் சொல்றேன்.

சரி, கடைகள். முதல்ல நும்ரிச். நியூயார்க் மாநிலம் கிங்ஸ்டன்ல இருக்கற பழைய பார்ட்ஸ் கடல் இது. இவங்ககிட்ட எனக்கு ரொம்பப் பிடிச்சது ஸ்கீமேட்டிக் படங்கள், மாடல் பேரைப் போட்டா லாக்கைப் பிரிச்சுப் போட்ட படம் வரும், ஒவ்வொரு பாகத்துக்கும் நம்பர் இருக்கும், எது இருக்கு எது இல்லன்னு அங்கயே தெரியும். நாம எதைத் தேடறோம், அதுக்குப் பேர் என்னன்னு தெரிஞ்சுக்கறதுக்கு மட்டுமே கூட இந்தப் படங்களைப் பார்க்கலாம். எனக்கு வேண்டிய டம்ப்ளர் நான் பார்த்தப்ப இல்ல, அதை நான் குறையா சொல்லல, செய்யறவங்களே நிறுத்திட்டா விக்கறவங்க என்ன பண்ணுவாங்க. ஒண்ணு மட்டும் கவனிங்க, யூஸ்டுன்னு போட்டிருக்கா புதுசுன்னு போட்டிருக்கான்னு படிச்சுட்டு ஆர்டர் பண்ணுங்க, சியர், டம்ப்ளர் ரெண்டையும் யூஸ்டா வாங்கறதுல எனக்கு உடன்பாடு இல்ல.

அடுத்து டிக்ஸி கன் வொர்க்ஸ், டென்னசி யூனியன் சிட்டி. டர்னர் கிர்க்லண்டுங்கறவர் 1954ல ஆரம்பிச்சது, இந்த ஹாபியே சரியா வேர் பிடிக்காத காலத்துல இருந்து பிளாக் பவுடர் சாமான் விக்கறாங்க. இவங்க பலம் ஹாக்கன் இல்ல, உண்மையான பழைய துப்பாக்கி. தாத்தா காலத்து லாக், யார் பண்ணினதுன்னே தெரியாது, அந்த மாதிரி கேஸுக்கு இங்க பாதி வேலை முடிஞ்ச காஸ்டிங் கிடைக்கும், ஹேமர், டம்ப்ளர், ஸ்பிரிங் எல்லாம் வாங்கி நாமளே அரம் போட்டுப் பொருத்திக்கலாம். ஹேமர் வாங்கறவங்க கண்ணளவுல வாங்காதீங்க, டம்ப்ளர் உக்கார்ற சதுர ஓட்டையோட நடுவுல இருந்து நிப்பிள் மேல விழற கப்போட நடு வரைக்கும் எவ்வளவு தூரம்னு அளக்கணும், அதைத்தான் த்ரோன்னு சொல்லுவாங்க, அந்த அளவு சரியா இருந்தா வடிவம் கொஞ்சம் முன்ன பின்ன இருந்தாலும் சமாளிச்சுக்கலாம், அளவு தப்பினா ஹேமர் நிப்பிளோட ஓரத்துல அடிக்கும்.

டிராக் ஆஃப் தி வுல்ஃப், மினசோட்டா கம்பெனி. இன்னைக்கு இந்த வேலையில இறங்கறவங்களுக்கு நான் முதல்ல காட்டற இடம் இதுதான். முழு லாக்கும் இருக்கும், அதே லாக்குக்கு டம்ப்ளர், சியர், பிரைடில் (டம்ப்ளரை மேல இருந்து தாங்கிப் பிடிக்கற துண்டு), ஸ்பிரிங், ஸ்க்ரூன்னு தனித்தனியாவும் இருக்கும். இது ஏன் முக்கியம்னா, இன்னைக்கு வாங்கற லாக்ல பத்து வருஷம் கழிச்சு ஒரு ஸ்பிரிங் உடைஞ்சா மறுபடி இதே தேடல்ல மாட்டக் கூடாதில்லையா. விவரங்களும் நிதானமா எழுதியிருப்பாங்க, எந்தத் துப்பாக்கிக்கு ஆகும், மரத்துல வேலை இருக்கா இல்லையான்னு படிச்சுட்டு முடிவு பண்ணலாம்.

ஏலத்துல பழைய லாக் வாங்கறது பத்தியும் சொல்லணும், ஏன்னா எல்லாரும் முதல்ல அங்கதான் போவாங்க. ஒரு தனி ஆள்கிட்ட இருந்து ஹாக்கன் லாக் ஒண்ணு வாங்கினேன், ஹாக்கனுக்கும் அதே கம்பெனியோட ரெனகேடுங்கற மாடலுக்கும் ஒரே லாக்தான்ங்கறதால எதுல இருந்து கழட்டினதா இருந்தாலும் ஆகும்னு கணக்கு. போட்டோவுல பிளேட்டோட கேஸ் ஹார்டனிங் கலர் அவ்வளவு அழகா இருந்துச்சு. வந்ததும் பிரிச்சுப் பார்த்தா ஃபுல் காக் (சுடறதுக்கு முழுசா இழுத்த நிலை) வெட்டை யாரோ டிரிகர் லைட்டாகணும்னு அரம் போட்டு ராவியிருக்காங்க, கோணமே மாறிப்போச்சு, மேல இருந்த கடினமான தோலும் போயிருச்சு, உள்ள மெத்துன்னு இரும்பு தெரியுது. அது துப்பாக்கியில போடவே கூடாத பொருள். திருப்பி எடுத்துக்க மாட்டேன்னுட்டாரு. வெளிப்பக்க போட்டோவை மட்டும் வச்சு லாக் விக்கறவங்ககிட்ட உள்பக்க போட்டோ கேளுங்க, டம்ப்ளர் வெட்டுகளும் சியர் மூக்கும் கிளோசப்ல தெரியணும், அனுப்ப மாட்டேன்னா விட்டுருங்க. கைக்கு வந்ததும் புது அரத்தோட முனையை வெட்டுக்குப் பக்கத்துல, வேலை செய்யற பரப்புல படாம, லேசா இழுத்துப் பாருங்க, கடினமா இருந்தா அரம் வழுக்கும், கடிச்சா அந்த பார்ட் மெத்து.

கடைசியா நான் முடிவு பண்ணினது எல் அண்ட் ஆர் கம்பெனியோட ரீப்ளேஸ்மென்ட் லாக். சவுத் கரோலினா சம்டர்ல இருக்காங்க. டர்ஸ் எக், மான்டன், குயின் ஆன் மாதிரி பழைய பாணி லாக் பண்ற கம்பெனிதான், அதோட தாம்சன் சென்டர், சிவிஏ, லைமன் மாதிரி ஃபேக்டரி துப்பாக்கிகளுக்கு மாத்தறதுக்குன்னே ஒரு வரிசை வச்சிருக்காங்க, ஆர்பிஎல்னு பேரு. கேப் லாக்கும் உண்டு, ஃபிளின்ட்டும் (கல்லுல பொறி தட்டற வகை) உண்டு. ஃபிளின்ட் ஹாக்கன் வச்சிருந்து பொறி சரியா வரலன்னு புலம்பறவங்க நிறைய பேர் இதை மாத்தித்தான் நிம்மதியானாங்க.

லாக் கையில வந்ததும் முதல்ல தெரியற வித்தியாசம் மெயின்ஸ்பிரிங். ஹாக்கன்ல இருந்தது காயில் ஸ்பிரிங், கம்பி மேல சுத்தி இருக்கும். இதுல பழைய காலத்து மாதிரி மடிச்ச தட்டை ஸ்பிரிங். ஹேமரை இழுக்கும்போதே கைக்குத் தெரியுது, ஆரம்பத்துல கனமா இருந்து ஃபுல் காக் கிட்ட போகப் போக லேசாகுது, விடும்போது வேகமா விழுது. டம்ப்ளர், சியர், பிரைடில் மூணும் ஒண்ணுக்கொண்ணு பொருத்தி ஃபேக்டரியிலயே செட் பண்ணி வருது, ஹாஃப் காக் வெட்டு ஆழமா இருக்கு, கட்டைவிரலால பலம் கொண்ட மட்டும் தள்ளினேன், அசையல. எனக்கு அதுதான் வேணும். ஃபிளை உள்ள இருக்கு, அதனால செட் டிரிகரோட எந்தப் பிரச்சினையும் இல்லாம வேலை செய்யுது.

அப்படியே தூக்கி மாட்டற மாதிரி இருக்கும்னு மட்டும் நினைக்காதீங்க. பிளேட்டோட வெளி வடிவம் கிட்டத்தட்ட அந்தக் குழியில உக்காருது, உள்ளதான் வேலை, ஏன்னா காயில் ஸ்பிரிங்குக்காகத் தோண்டின இடமும் தட்டை ஸ்பிரிங் கேக்கற இடமும் ஒண்ணு இல்ல. கரி தடவறது, மாட்டறது, எடுக்கறது, ஒட்டின இடத்தை உளியால ஒரு சீவல் எடுக்கறது, மறுபடி கரி. அவசரப்பட்டு பெருசா தோண்டினா மரம் திரும்ப வராது. முக்கியமா ஸ்பிரிங் அசையும்போது மரத்துல எங்கயும் தொடக்கூடாது, ஹேமரை மெல்ல இழுத்து இறக்கிப் பார்த்து ரெண்டு நிலையிலயும் இடம் இருக்கான்னு செக் பண்ணணும். அப்புறம் சியர் கை டிரிகர் மேல எந்த உயரத்துல நிக்குதுன்னு பார்க்கணும், ஹாக்கனோட டிரிகர்ல இருக்கற அட்ஜஸ்ட்மென்ட் ஸ்க்ரூ செட் டிரிகர் எவ்வளவு லேசா விழணும்னு மாத்தத்தான், இந்த உயரத்தை மாத்தாது, மேல சொன்ன அந்தக் கொஞ்சம் இடைவெளி கண்டிப்பா இருக்கணும். கைவேலை பழக்கம் இல்லாதவங்க மசில்லோடர் தெரிஞ்ச கன்ஸ்மித்கிட்ட குடுத்துருங்க, மாடர்ன் ரைஃபிள் மட்டும் பார்க்கறவரு இதுல கை வைக்கறது எனக்குப் பிடிக்கல.

ஹேமர் நிப்பிள் மேல நடுவுல விழுதான்னு பார்க்க, கேப் இல்லாத நிப்பிள் தலையில கரி தடவி ஹேமரை மெல்ல இறக்கி உள்பக்கம் கறை எங்க பட்டிருக்குன்னு பார்த்தேன். கொஞ்சம் வெளிப்பக்கமா இருந்துச்சு, பிளேட் குழியில முழுசா உக்காராததால வந்தது, இன்னும் ரெண்டு இடம் சுரண்டினதும் நடுவுக்கு வந்துருச்சு. ஹேமரை சூடு பண்ணி வளைக்கறதுன்னு ஒரு வழி உண்டு, அது கடைசி வழி, முதல்ல பிளேட் சரியா உக்கார்ந்திருக்கான்னு பாருங்க.

விலையைப் பார்த்தா ஒரு முழு லாக்குங்கறது தனியா ஒரு டம்ப்ளர், சியரை விட நல்லாவே ஜாஸ்திதான். ஆனா தேஞ்ச டம்ப்ளருக்கு மேல புது சியர், புது டம்ப்ளருக்கு மேல பழைய சியர்னு ஒண்ணு ஒண்ணா மாத்தினா ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தின்னும், கோணம் சேராது. சியரும் டம்ப்ளரும் ஜோடியா கிடைச்சா வாங்குங்க, கிடைக்கலன்னா முழு லாக்குக்குப் போங்க, என் கருத்து இதுல தெளிவா இருக்கு. ஸ்பிரிங் மட்டும் போச்சுன்னா, ஸ்க்ரூ மட்டும் போச்சுன்னா அதுக்காக முழு லாக் தேவையே இல்ல.

ஹாக்கன் இல்லாம வேற துப்பாக்கி வச்சிருக்கறவங்களுக்கு, பேரல்ல எழுதியிருக்கற விக்கற கம்பெனி பேரை வச்சு பார்ட் தேடினா சுத்த விடும், அதைச் செஞ்சவங்க யாருன்னு கண்டுபிடிங்க. சிவிஏ பழசுன்னா ஸ்பெயின்ல ஜூகார் பண்ணினது நிறைய, டிரடிஷன்ஸ்னா ஸ்பெயின் ஆர்டேசா, லைமன் கிரேட் பிளெயின்ஸ் பழசுன்னா இத்தாலி இன்வெஸ்ட் ஆர்ம்ஸ். இத்தாலித் துப்பாக்கியில புரூஃப் (சுட்டு டெஸ்ட் பண்ணினதுக்கான) முத்திரை பக்கத்துல சின்னக் கட்டத்துக்குள்ள ரெண்டு எழுத்து இருக்கும், அது எந்த வருஷம் டெஸ்ட் பண்ணினதுன்னு சொல்லும், ஏஏ இருந்தா 1975, ஏபி இருந்தா 1976, அப்படியே போகும். பிஎன்னு இருந்தா பிளாக் பவுடருக்குன்னு அர்த்தம். நாடு தெரிஞ்சா மரையும் பாதி தெரிஞ்ச மாதிரி, தாம்சன் சென்டர்ல நிப்பிள் மரை கால் இஞ்ச் 28 (கால் இஞ்ச் விட்டம், இஞ்சுக்கு 28 மரை), ஐரோப்பாவுல இருந்து வந்ததுல பெரும்பாலும் மில்லிமீட்டர் மரை, மாத்திப் போட்டு திருகினா டிரம்மோ பிரீச்சோ கெட்டுப்போகும். லாக் ஸ்க்ரூவுக்கும் இதே கதைதான்.

உண்மையான 1800கள் துப்பாக்கின்னா இன்னும் வேற. அப்ப பட்டறையில செஞ்ச லாக் பெரும்பாலும் கையால அரம் போட்டுப் பொருத்தினது, ஒரே பட்டறையில ஒரே வாரத்துல வந்த ரெண்டு லாக்குக்கே பார்ட் மாறாது. அதுக்கு ரெடிமேட் பார்ட் தேடி நேரம் போக்காதீங்க, உடைஞ்ச துண்டை மாடலா வச்சு கன்ஸ்மித் புதுசு செய்யணும். உடைஞ்சதைத் தூக்கிப் போட்டுறாதீங்க, அளவு எடுக்க அதுதான் இருக்கு. அரிய துப்பாக்கியா இருந்தா ஒரிஜினல் லாக்கைத் தொடாம பத்திரப்படுத்திட்டு, சுடறதுக்கு வேற துப்பாக்கி வச்சுக்கறதுதான் மரியாதை.

அமெரிக்காவுல ஃபெடரல் சட்டப்படி 1898 வரைக்கும் செஞ்சதும், சாதாரண தோட்டா போட முடியாத மசில்லோடரும் ஆன்டிக் கணக்குல வர்றதால லாக் பார்ட் தபால்ல வீட்டுக்கே வரும், லைசன்ஸ் டீலர் வழியா போக வேண்டியதில்ல. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும், உங்க மாநிலத்துல என்னன்னு ஒரு தடவை பார்த்துக்கங்க.

பிரிக்கும்போது ஒண்ணு. தட்டை மெயின்ஸ்பிரிங்கைக் கழட்ட அதுக்குன்னு இருக்கற மெயின்ஸ்பிரிங் வைஸ் வாங்கிடுங்க. பிளையர், வைஸ் கிரிப் வச்சு நசுக்கினா ஸ்பிரிங் மேல கீறல் விழும், பின்னாடி ஒரு நாள் அந்தக் கீறல்லதான் உடையும். பழைய ஹாக்கன் காயில் லாக்ல கைடு கம்பியில ஒரு சின்ன ஓட்டை இருக்கும், ஃபுல் காக்ல வச்சு அதுல ஒரு மெல்லிய ஆணியை விட்டு ஹேமரை மெல்ல இறக்கினா ஸ்பிரிங் அப்படியே பிடிபட்டு நிக்கும், கைக்கு அடி படாம எடுக்கலாம். கீழ ஒரு வெள்ளைத் துணி விரிச்சுக்கங்க, டம்ப்ளரைத் தூக்கும்போது ஃபிளை பக்கம் கீழ வராம மேல பார்க்கற மாதிரி பிடிங்க. லாக் ஆர்டர் பண்ணும்போதே எக்ஸ்ட்ராவா ஒரு ஃபிளையும் ஒரு சியர் ஸ்பிரிங்கும் சேர்த்துப் போட்டுருங்க, அந்த லாக்குக்கு உள்ளதுதானான்னு கேட்டு.